கூண்டுக்கு ஒரு ஏசி

"ஏம்ப்பா வாட்ச்மேன், லிப்டுல நீ ஏறினியா? மூக்கைப் பொத்திக்கிட்டு வர வேண்டியதா இருக்கு!"

904-ம் வீட்டம்மா காலையில் வணக்கம் சொல்வதே இப்படித்தான்.

"மன்னிச்சிருங்கம்மா. உங்க நெத்திலிப் பெட்டியைத்தான் மேலே தூக்கிட்டு வந்தேன்."

"நிமிர்த்தித் தூக்கினியா, கவுத்துட்டியா? போன தடவை எல்லாம் தூளாப் போச்சு. என் தங்கச்சி கடற்கரையிலேர்ந்து அனுப்பறா, ஞாபகம் இருக்கட்டும்!"

தல்சு இடுப்பை வளைத்துத் தலை குனிந்தார். வயது அறுபத்தெட்டு. சியோலில் அந்த அடுக்குமாடியின் வாசலில் இருக்கும் கண்ணாடிக் கூண்டில்தான் அவருக்கு வேலை. ஆகஸ்ட் வெயிலில் உள்ளே உட்கார்ந்தால் ஆள் இட்டிலியாக வெந்துவிடலாம். போன வாரம் மாற்று ஷிப்டு ஆள் அதே நாற்காலியில் மயங்கிச் சரிந்து, இன்னும் ஆஸ்பத்திரியில்தான் கிடக்கிறார்.

தல்சுவுக்கு ரத்த அழுத்தம் வேறு. "இனிமே சூட்டுல உட்காராதீங்க. உசிருக்கு நான் பொறுப்பில்லை" என்று டாக்டர் சொல்லிவிட்டார். சூட்டில் உட்காராமல் சம்பளம் வாங்குவது எப்படி என்று மட்டும் அவர் சொல்லவில்லை.

கூண்டுக்கு ஏசி போடலாமா என்று முப்பது வீட்டிலும் சீட்டு எழுதி வாங்கச் சொன்னது அடுக்குமாடி ஆபீஸ். இருபது வீடு சம்மதித்தால் போதும். பெயரோ நம்பரோ வேண்டாம், சம்மதமா இல்லையா என்பதையும் காரணத்தையும் மட்டும் எழுத வேண்டும். அந்தப் பெட்டியை வீடு வீடாகத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டியது யார்? வாட்ச்மேன்தான்! போன வருஷம், வாட்ச்மேன்களில் பாதிப்பேரை நிறுத்தலாமா என்று கேட்ட பெட்டியையும் இதே தல்சுதான் சுமந்தார்.

904-ல் கதவு அரையடி திறந்தது.

"ஏசியா? நானே விசிறியை வச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கேன், உனக்கு ஏசி கேக்குதா?"

சீட்டைப் பிடுங்கிக்கொண்டு போனாள். திரும்பி வந்து பெட்டிக்குள் திணித்துவிட்டுக் கதவை அறைந்தாள்.

போச்சு, ஒரு ஓட்டு போச்சு என்று நினைத்துக்கொண்டே தல்சு 1203-க்கு ஏறினார். அங்கே பயமே இல்லை. அது எழுத்தாளர் நாம்குங் சொக்கின் வீடு.

போன ஆகஸ்டில் நோட்டுப் புத்தகத்தோடு கூண்டுக்குள் வந்து உட்கார்ந்தவர் அவர். "முதல்ல எங்கேண்ணே வேர்க்குது? கழுத்திலயா, முதுகிலயா?" என்று கேட்டுக் கேட்டு எழுதினார். கழுத்தில் குட்டி மின்விசிறி மாட்டியும் தாங்காமல் மூன்றாம் நாள் மத்தியானம் ஓடிப்போனார். அந்த இரண்டரை நாளில் பிறந்ததுதான் 'கண்ணாடிக் கூண்டில் ஆகஸ்ட்' என்ற நாவல். நாடே படித்து அழுதது. பெரிய பரிசும் வந்தது. மேடையில், "அந்தக் கூண்டில் வேர்த்துக்கொண்டிருப்பது நம் மனசாட்சி" என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பக்கத்தில் தல்சுவை யூனிபார்மோடு நிற்க வைத்திருந்தார்கள். கையில் ஒரு பிரதியும் கிடைத்தது. 'என் வேர்வைக்கார அண்ணனுக்கு' என்று பச்சை மையில் எழுதிக் கொடுத்தார். பச்சை மையைத் தவிர வேறெதிலும் அவர் எழுதமாட்டார் என்று பத்திரிகையில்கூடப் போட்டிருந்தார்கள்.

"அண்ணே! வாங்க, வாங்க!"

வீட்டுக்குள்ளிருந்து ஏசிக் காற்று ஜிலுஜிலுவென்று வந்து முகத்தில் அடித்தது. சீட்டைப் பார்த்ததும் எழுத்தாளருக்குக் குரல் தழுதழுத்தது.

"இதையெல்லாம் ஓட்டுப் போட்டா முடிவு பண்ணணும்? இந்தச் சமூகத்தை நினைச்சா வெட்கமா இருக்குண்ணே! எப்ப மாட்டுவாங்களாம்?"

"சம்மதம் கிடைச்சா திங்கட்கிழமையே மாட்டிருவாங்க ஐயா."

"ஓ, திங்கட்கிழமையேவா?" கொஞ்சம் யோசித்து, நாலு வரி எழுதி, மடித்துப் பெட்டியில் போட்டார். தல்சுவின் இரண்டு கையையும் பற்றிக்கொண்டார். "வியாழக்கிழமை டிவிக்காரங்க வர்றாங்கண்ணே, நம்ம கூண்டைப் படம் எடுக்க. நீங்க யூனிபார்ம்லயே இருங்க."

பெரிய மனுஷன் பெரிய மனுஷன்தான் என்று நினைத்தபோது தல்சுவுக்குக் கண் கலங்கியது.

சாயங்காலம் ஆபீஸில் மேனேஜர் பெட்டியைக் கொட்டி எண்ணினார். இரண்டாம் முறையும் எண்ணினார்.

"பத்தொன்பது. சே! ஒண்ணே ஒண்ணு குறையுதே தல்சு அண்ணே!"

தல்சு சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தார். இன்னும் ஒரு மாத வெயில் பாக்கி இருக்கிறது.

"வேற யாரு? அந்த 904 பிசாசுதான் கெடுத்திருக்கும்" என்று மேனேஜர் பல்லைக் கடித்தார்.

"விடுங்க சார். அந்தம்மா குணம் தெரிஞ்சதுதானே" என்றார் தல்சு. மனசுக்குள் மட்டும், அந்த நெத்திலியில் புழு விழட்டும் என்று சபித்தார்.

மேனேஜர் சீட்டுகளைப் புரட்டினார். ஒன்றை எடுத்தவர் திகைத்துப்போய் உரக்கப் படித்தார்.

"'சம்மதம். அந்த ஆளு மயங்கி விழுந்து தொலைஞ்சா என் நெத்திலிப் பெட்டியை யாரு தூக்கிட்டு வருவா? அவன் வாயைத் திறந்து கேக்கமாட்டான். நல்லாக் காத்து வர்ற மாதிரி பெருசாப் பார்த்து மாட்டுங்க.'"

மேனேஜர் மற்ற சீட்டுகளைக் கிளறினார்.

"அப்ப அந்த ஒண்ணு யாரு?"

எதிர்ப்புச் சீட்டுகளில் எல்லாரும் 'செலவு ஏறும்' என்று கிறுக்கியிருந்தார்கள். ஒரே ஒரு சீட்டில்தான் விவரமாக எழுதியிருந்தது. அதைப் பார்த்த மேனேஜர் தல்சுவிடம் நீட்டினார்.

தல்சு கண்ணாடியை மாட்டிக்கொண்டார். பச்சை மை.

'எதிர்க்கிறேன். வியாழக்கிழமை டிவி படப்பிடிப்பு இருக்கிறது. ஏசி மாட்டிவிட்டால் அண்ணனுக்கு வேர்க்காது.'