நல்லது ஒரு பக்கம்

மாலை நாலு பத்துக்குப் பட்டறைக்குள் நுழைந்த மின்சாரக் கார் முதுகுக்குப் பின்னால் வந்து நிற்கும்வரை மெக்கானிக்குக்குத் தெரியவில்லை. திரும்பியவர் ஒரு கணம் ஆடிப்போனார்.

"பூனை மாதிரி வர்றீங்களே சார்."

"அதுக்குத்தான் வந்தேன்," என்றார் காரிலிருந்து இறங்கியவர். "இதுக்குச் சத்தம் வேணும். பழைய பெட்ரோல் காரோட சத்தம். பின்னால எடுக்கும்போது கேக்கணும். இன்னிக்கே முடிச்சுக் கொடுங்கண்ணே."

மெக்கானிக்குக்குச் சிரிப்பு வந்தது. முப்பது வருடமாக வண்டிச் சத்தத்தைக் குறைத்துக் கொடுத்துப் பிழைத்தவர் அவர்.

பின் பம்பருக்குள் ஸ்பீக்கரைப் பொருத்தியபடியே பேச்சுக் கொடுத்தார். "புகை இல்ல, சரி. பேட்டரி போச்சுன்னா சொத்தை எழுதி வைக்கணும். அந்தக் கரண்டும் எங்கயோ நிலக்கரிய எரிச்சுத்தான் வருது. உங்க வீட்டுப் புகைய அடுத்த ஊருக்கு அனுப்பியிருக்கீங்க, அவ்வளவுதான்."

"தெரிஞ்சுதான் வாங்கினேன். தாள்ல கோடு போட்டு நல்லது ஒரு பக்கம், கெட்டது ஒரு பக்கம்னு எழுதிப் பார்த்தேன்."

"சத்தம் இல்லாதது எந்தப் பக்கம்?"

"நல்லது பக்கம்தான்." வந்தவர் ஒரு ஸ்பானரை எடுத்துப் பார்த்துவிட்டு, இருந்த இடத்திலேயே வைத்தார். "மகளுக்கு இளைப்பு. பழைய காரோட புகை பட்டாலே இருமிக்கிட்டே கிடப்பா."

"இப்ப எப்படி?"

"இருமலே இல்ல."

"அப்ப வாங்கினது வீண் போகலை."

வந்தவர் போனை நீட்டினார். பழைய கார் கிளம்பும் சத்தம் அதில் பதிவாகியிருந்தது. எஞ்சின் உறுமலுக்கு மேலே ஒரு சிறுமியின் குரல்: "படியேறிட்டேன். இப்ப எடுங்கப்பா."

"வண்டிச் சத்தம் கேட்டா வாசல் படியில ஏறி நின்னுக்கணும். அப்படிப் பழக்கினோம்."

"நல்ல பழக்கம். சின்னப் பிள்ளை இருக்கிற வீட்டுக்குச் சத்தம் அவசியம்தான் சார்." மெக்கானிக் சிறுமியின் குரலை வெட்டிவிட்டு எஞ்சின் சத்தத்தை மட்டும் ஏற்றினார். "நாளைக்குப் பாப்பாவைக் கூட்டிட்டு வாங்க. அவ காதுக்கு எட்டுதான்னு பார்த்துடலாம்."

"இப்பவே பார்க்கணும். நீங்க பின்னால எடுங்க. நான் வெளிய நின்னு கேக்கறேன்."

மெக்கானிக் ஏறி உட்கார்ந்தார். கண்ணாடியில் பார்த்தார், பின்னால் யாரும் இல்லை. மெதுவாக நாலடி எடுத்து நிறுத்தினார். பட்டறை முழுக்கப் பழைய கார் உறுமியது.

இறங்கிப் பின்பக்கம் போனார். பம்பருக்கு ஒரு சாண் தள்ளி, காருக்கு முதுகைக் காட்டியபடி வந்தவர் குந்தியிருந்தார். ஐந்து வயதுப் பிள்ளையின் உயரம்தான் இருந்தார்.

"என்ன சார் இது? இன்னும் ஓரடி எடுத்திருந்தா என் கதி என்ன?"

வந்தவர் எழவில்லை. திரும்பவும் இல்லை.

"அன்னைக்கு இந்தச் சத்தம் இருந்திருந்தா அவளுக்குக் கேட்டிருக்கும், இல்லண்ணே?"