வரப்போகிறவருக்குப் பிஸ்கட்

டிங் என்று ஓவன் மணி அடித்ததும், மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்த அம்மா ஈரத் துண்டும் கையுமாகப் படியிறங்கி ஓடிவந்தாள். சமையலறை முழுக்க வெண்ணெய் வாசனை. மேடைமேல் மூன்று தட்டு நிறைய பிஸ்கட். நான்காவது தட்டை மகள் அப்போதுதான் ஓவனிலிருந்து எடுத்துக்கொண்டிருந்தாள்.

"உனக்குக் கொஞ்சமாவது புத்தி இருக்காடி? சர்க்கரைக்காரரை வீட்டுல வச்சுக்கிட்டுப் பிஸ்கட்டா சுடறே?"

மகள் அசரவில்லை. விமான நிலையத்தில் பயணிகளின் பெட்டிகளைச் சோதிக்கிற வேலை அவளுக்கு. எதிரில் நிற்பவர் எவ்வளவு கத்தினாலும் குரலை உயர்த்திப் பழக்கமில்லை.

"அப்பாவுக்கு இல்லம்மா. ஒருத்தர் வருவார். அவருக்கு."

"எனக்கு வேண்டவே வேண்டாம்மா. வாசனையிலயே வயிறு நிறைஞ்சுடுச்சு" என்று கூடத்திலிருந்து குரல் கொடுத்துவிட்டு, சுவரைத் தடவிக்கொண்டே குளிக்கப் போனார் அப்பா.

அவருக்கு இரண்டு கண்ணிலும் புரை. அறுவைச் சிகிச்சைக்கு இரண்டு முறை நாள் குறித்தும், சர்க்கரை இறங்கவில்லை என்று டாக்டர் திருப்பி அனுப்பிவிட்டார். மூன்றாவதாக அடுத்த மாதம் ஒரு நாள் கொடுத்திருக்கிறார். அதுவும் தவறினால் பார்வைக்குத் தான் பொறுப்பில்லை என்று கையை விரித்துவிட்டார்.

போதாததற்கு, "வீட்டுல சமையல் யாரு?" என்று கேட்டு அம்மாவை ஒரு பார்வை பார்த்தார். மூன்று மாதமாகச் சோற்றைக் கரண்டியால் அளந்து போடுகிறவளுக்கு அந்தப் பார்வை இன்னும் முள்ளாகத் தைத்துக்கொண்டிருந்தது. விஷயம் கேள்விப்பட்டுத்தான் மகளே லீவு போட்டு வந்திருக்கிறாள். வந்தவள் செய்கிற வேலையா இது?

ஆனால் 'ஒருத்தர்' என்றாளே? முப்பத்திரண்டு வயதாகிறது. கல்யாணப் பேச்சை எடுத்தாலே எழுந்து போய்விடுகிறவள். அம்மாவின் கோபம் பொங்கிய பாலில் தண்ணீர் தெளித்த மாதிரி அடங்கியது.

"யாருடி அது?" குரல் தானாகத் தாழ்ந்தது.

"வரும்போது நீயே பாரு."

"நம்ம வீட்டுக்கு வழி தெரியுமா?"

"கண்ணை மூடிக்கிட்டே வருவார்."

அந்த நிமிடமே அம்மா கட்சி மாறிவிட்டாள். "சரி, இதுல என்னென்ன போட்டிருக்கே?"

"இது வெண்ணெய். இது நெய். அது வனஸ்பதி. கடைசித் தட்டுல கொஞ்சம் எண்ணெயும் தண்ணியும் விட்டு மெல்லிசா தேச்சது. மாவு எல்லாத்துக்கும் ஒண்ணுதான். பிஸ்கட்டுக்குக் கொழுப்புதாம்மா முக்கியம்."

"உன்கிட்ட இருக்கறதே போதுமே."

மகள் சிரித்தாள். "எல்லாம் ஆறட்டும். அப்புறம் நீ இங்கேயே நின்னு ஒவ்வொண்ணா கடிச்சுப் பாரு."

"நீ தின்ன மாட்டியா?"

"செஞ்சவளுக்கு ருசி தெரியாது."

பிஸ்கட் ஆறியதும் மகள் கூடத்துக்குப் போய், மின்விசிறியை நிறுத்திவிட்டு நாற்காலியில் சாய்ந்தாள். "ம், கடிம்மா."

வெண்ணெய் பிஸ்கட் நாக்கில் பட்டதும் கரைந்தது. நெய் பிஸ்கட் மணலாக உதிர்ந்தது. வனஸ்பதி போட்டது பொசுக்கென்று அமுங்கியது. எண்ணெய் பிஸ்கட்டைத்தான் கடைவாய்க்குத் தள்ளி, தாடையில் இருந்த பலத்தையெல்லாம் கூட்டி நொறுக்க வேண்டியிருந்தது.

"சந்தேகமே இல்ல. வெண்ணெய்தான்" என்றாள் அம்மா. "இதைத் தின்னா மனுஷன் நாளைக்கும் வந்து நிப்பார்."

"அப்போ எண்ணெய்தான்."

"ஏண்டி, அவர் பல்லு என்னத்துக்கு ஆகும்? அப்புறம் இந்தப் பக்கம் தலை வச்சுப் படுப்பாரா?"

"படுக்கக் கூடாதும்மா."

வரச்சொல்வதும் இவளே, விரட்டப் பார்ப்பதும் இவளே. அம்மாவுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. வெண்ணெய், நெய், வனஸ்பதி மூன்றும் பக்கத்து வீட்டுக்குப் போயின. எண்ணெய் பிஸ்கட் மட்டும், விருந்தாளிகளுக்கென்று அம்மா எப்போதும் பிஸ்கட் வாங்கி நிரப்பி வைக்கும் பச்சை டப்பாவில் ஏறி, அலமாரியில் பழைய இடத்துக்கே போய்ச் சேர்ந்தது.

மதியம் சாப்பிட்டதும் அப்பா மாத்திரையைப் போட்டுக்கொண்டு படுக்கப் போய்விட்டார். அம்மா தலையை வாரி, நல்ல சேலையாக மாற்றிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். காற்று ஒத்துக்கொள்ளவில்லை என்று மகள் மறுபடி மின்விசிறியை நிறுத்தினாள். இருவரும் காய்ந்த துணிகளை மடிக்க ஆரம்பித்தார்கள்.

"மணி மூணாகப் போகுது. வருவாரா, மாட்டாரா?"

"வருவார்மா. ஆசை யாரை விட்டுது?"

"எண்ணெய் பிஸ்கட்டைக் கொடுத்து அனுப்பினா, என்னைத்தான் கஞ்சம்னு நினைப்பார்."

"உன்னை ஒண்ணும் நினைக்க மாட்டார். பயப்படுவார், அவ்வளவுதான்."

அம்மா ஒரு போர்வையை மடித்து முடிக்கவில்லை. 'கடக்' என்று, ஓடு உடைந்த மாதிரி ஒரு சத்தம்.

"வந்துட்டார்" என்றாள் மகள்.

அம்மா துள்ளி எழுந்து, கொசுவத்தைச் சரிசெய்துகொண்டே போய் வாசல் கதவைத் திறந்தாள். வாசலில் ஒருவரும் இல்லை. தெருவே வெறிச்சோடிக் கிடந்தது.

கையிலிருந்த தலையணை உறையிலிருந்து கண்ணை எடுக்காமலே, மகள் சமையலறைப் பக்கம் குரல் கொடுத்தாள்.

"துப்பிடுங்கப்பா, அம்மாவுக்கும் கேட்டுடுச்சு."