பூட்டிய அறையில் அச்சாகும் ஆய்வேடு

மணி நாலு நாற்பது. ஐந்துக்குள் ஆய்வேட்டைக் கொடுக்காவிட்டால் இன்னும் ஆறு மாதம் காத்திருக்க வேண்டும் என்பதால், ஆய்வு மாணவி புதுக் கணினியின் முன் நகம் கடித்தபடி நிற்கிறாள். துறையே கேபிள் அண்ணன் என்று அழைக்கும் கணினிப் பணியாளர், துறையின் பிரிண்டர்களைக் கணினிகளோடு இணைக்கும் பிரிண்ட் சர்வரின் முகவரியை ஒற்றை விரலால் தட்டுகிறார். பட்டியலில் ஒரே ஒரு பிரிண்டர் எட்டிப் பார்க்கிறது. பக்கத்து மேசையில் இருப்பதுதான் அது என்று இருவரும் நம்புகிறார்கள். இருநூற்றுப் பன்னிரண்டு பக்கங்களையும் அவள் அனுப்புகிறாள். திரை 'அச்சாகிறது' என்கிறது. மேசைப் பிரிண்டரோ பச்சை விளக்கை எரியவிட்டுக் கம்மென்று இருக்கிறது. "அண்ணே, எங்கயோ சத்தம் வருதே?" மின்விசிறியை நிறுத்திவிட்டுக் கேட்கிறார்கள். எதிரே, துறைத்தலைவரின் பூட்டிய அறைக்குள் கரகரவென்று தாள் இழுபடுகிறது. "ஐயோ, சர்வர்ல சேர்த்திருக்கிறது அவர் பிரிண்டரை மட்டுந்தாம்மா." "அப்ப இதையும் சேருங்கண்ணே." "அதுக்கு அவர் பாஸ்வேர்டு வேணும்." "அறைச் சாவி?" "அவர் பையில. அவர் விமானத்துல." அவள் கதவோரம் தரையில் உட்கார்ந்து, கன்னத்தில் கைவைத்து, தன் ஐந்து வருட உழைப்பு வெளியே வரும் சத்தத்தைக் கேட்கிறாள். மாலை வெயில் அவள் செருப்பு வரை வந்து நிற்கிறது. உள்ளே பிரிண்டரின் தட்டு நிரம்பித் தாள்கள் சரிகின்றன. ஒன்றின் முனை கதவிடுக்கில் நீள்கிறது. அண்ணன் இரும்பு ஸ்கேலால் நெம்பி இழுக்கிறார். நன்றியுரை. கண்ணாடியை ஏற்றிவிட்டு வாசிக்கிறார்: "மாணவர்களுக்காகத் தம் அறைக்கதவை எந்நேரமும் திறந்தே வைத்திருக்கும் எங்கள் துறைத்தலைவருக்கு..." "நிறுத்துங்கண்ணே," என்கிறாள். அவர் நிறுத்துகிறார். பிரிண்டர் நிறுத்துவதாக இல்லை.