சிக்கிய பாய்

“கெதியா இழுங்களன்! மழை வந்திட்டு. புள்ளைக்கு இப்பவே காய்ச்சல்!”

கைக்குழந்தையை மார்போடு அணைத்தபடி வசந்தாதேவி கீழேயிருந்து கத்தினாள். மேலே அவள் புருஷன் யோகேஸ்வரன் பல்லைக் கடித்துக்கொண்டு கயிற்றை இழுத்தான். அந்தச் சுற்றுலாப் படகின் பாய், பாய்மரத்துக்கு உள்ளேயே சுருண்டிருக்கும் வகை. ஒரு முழம் வெளியே வந்ததும் சிக்கிக்கொண்டது.

“உள்ளுக்க மடிஞ்சிட்டு. இழுக்க இழுக்க இறுகும்,” என்றான்.

“அப்ப என்ன செய்யிற?”

“திரும்பச் சுத்தி உள்ளுக்க விட்டு, மறுகா மெல்ல இழுக்கணும்.”

அப்படியே செய்தான். பாய் அதே இடத்தில் நின்றது. வாடைக்காற்று பக்கவாட்டில் அறைந்து, துணியைப் பாய்மரத்தில் அது வெளிவரும் பிளவோடு சேர்த்து அழுத்தியது. வானம் கறுத்துக்கொண்டு வந்தது.

“காத்து அமத்துது! படகைக் காத்துக்கு நேர திருப்பு, வசந்தா!”

அவள் நின்ற இடத்திலேயே குழந்தையின் தலையைக் கையால் மறைத்தாள்.

“திருப்பு எண்டு சொல்றன்!”

“எங்க திருப்பிற?” என்றாள் அவள். “சுனாமி கொண்டுவந்து நம்மட அடுப்படியில ஏத்தி வச்ச படகு இது!”

கடலில் நிற்கும் நினைப்பு கலைந்து, யோகேஸ்வரன் கீழே பார்த்தான். ஒருக்களித்துக் கிடந்த படகின் பாய்மரம், அவர்கள் வீட்டின் வெறும் அத்திவாரத்துக்கு மேலே சாய்ந்திருந்தது.

காற்று ஒரு கணம் ஓய்ந்தது. இழுத்தான். பாய் வழுக்கிக்கொண்டு வந்து விரிந்தது. கூரையாகிவிட்ட அதன் முனையை எஞ்சி நின்ற தென்னையில் இறுக்கிக் கட்டினான்.

மழை கொட்டத் தொடங்கியது. வசந்தாதேவி, வாசல் இருந்த இடத்தில் செருப்பைக் கழற்றிவிட்டு, குழந்தையோடு உள்ளே போனாள்.