துடைத்து வைத்த வண்டி

கேட்டைத் திறந்தவர் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. வண்டியைத்தான் பார்த்தார். முன்னாலிருந்து பின்னால் வரை, நிதானமாக, ஒரு சுற்று.

அவள் சொன்னது அப்படியே நடந்தது. "எங்கப்பா ஆளைப் பாக்க மாட்டாரு. அவன் ஓட்டுற வண்டியைப் பாப்பாரு. அதை வச்சே எடை போட்டுடுவாரு." ஆபீஸ் கேன்டீனில் அவள் இதைச் சிரித்துக்கொண்டேதான் சொல்வாள். அத்தை மகன் ஒருவன் புழுதி படிந்த காரில் வந்து பெண் கேட்டானாம். "காரைத் துடைக்காதவன் உன் கண்ணைத் துடைப்பானா?" என்று ஒரே வரியில் முடித்துவிட்டாராம்.

அவனிடம் இருந்தது ஒரு பஸ் பாஸ்.

அதனால்தான் காலையில் வாடகைக் கார் நிலையத்துக்குப் போனான். நின்ற நாலு வண்டிகளில் கொஞ்சம் கம்பீரமாகத் தெரிந்த வெள்ளி நிற வண்டியை எடுத்தான். பின் கண்ணாடியில் ஒட்டியிருந்த கம்பெனி ஸ்டிக்கரை நகத்தால் சுரண்டினான். இரண்டு மணி நேரம் வாளியும் துணியுமாக நின்றான். துடைக்கத் துடைக்கப் பொய் பளபளத்தது.

"உள்ளயே கொண்டு வாங்க தம்பி," என்றார் அவள் அப்பா. "என் வண்டி ஒர்க்‌ஷாப்ல நிக்குது. இடம் காலியாத்தான் கிடக்கு."

கார் கதவைத் திறந்ததும் வீட்டின் கிழட்டு நாய் ஓடி வந்தது. புது ஆள் வந்தால் கடித்துவிடும் என்று அவள் நூறு தடவை எச்சரித்திருந்த நாய். அவன் காலை உள்ளே இழுத்துக்கொண்டான். நாய் அவனைச் சட்டை செய்யவில்லை. அவன் மடி மேல் ஏறி, பின் சீட்டுக்குத் தாவி, சுருண்டு படுத்துக்கொண்டது.

நாய்க்கே வண்டி பிடித்துப் போயிற்று என்று அவன் உள்ளுக்குள் கொஞ்சம் தேறினான்.

வாசலுக்கு வந்த அவள் முகம் வண்டியைப் பார்த்ததும் வெளுத்தது. பக்கத்தில் வந்து, உதடு அசையாமல், "பஸ்லயே வந்து தொலைச்சிருக்கக் கூடாதா நீ?" என்றாள்.

"உனக்காகத்தானே…"

"பேசாத. வாயைத் திறக்காத."

உள்ளே கூட்டிப் போய் உட்கார வைத்ததும், வாயைத் திறக்காமல் இருக்க அவர் விடவில்லை.

"சொந்த வண்டியா தம்பி?"

"ஆமா சார்."

"எப்ப வாங்கினது?"

"ஒரு வருஷம் ஆச்சு சார்."

"லிட்டருக்கு எவ்வளவு குடுக்குது?"

"இருபது… இல்ல, இருபத்தஞ்சு சார்."

அவள் தேநீரைக் கொண்டு வந்து வைத்தாள். அவர் மெல்லத் தலையாட்டினார். "இருபத்தஞ்சா! பரவாயில்லையே."

குரலில் குத்தல் துளியும் இல்லை. அதுதான் அவனைச் சுட்டது. ஒரு பொய்க்கு முட்டுக் கொடுக்க இன்னொன்று என்று நாக்கு தானாக ஓடிக்கொண்டிருந்தது.

"ரொம்ப நல்லா துடைச்சு வச்சிருக்கீங்க," என்றார் அவர், ஜன்னல் வழியாக வண்டியைப் பார்த்தபடி. "சக்கரத்தோட உள்பக்கம்கூட. நானும் ஒரு காலத்துல தினம் துடைச்சவன்தான். பேக்டரியை இழுத்து மூடினாங்க, மேனேஜர் வேலை போச்சு. அந்தப் பழக்கமும் போச்சு."

சந்தேகப்பட்டிருந்தால் சமாளித்திருப்பான். பாராட்டை அவனால் தாங்க முடியவில்லை. எழுந்து நின்றான்.

"சார், நான் உங்ககிட்ட பொய் சொல்லிட்டேன்."

அவர் ஜன்னலிலிருந்து திரும்பவில்லை.

"அது என் வண்டி இல்ல சார். ஒரு நாள் வாடகைக்கு எடுத்தது. எனக்குக் காரே கிடையாது. பஸ்லதான் வரேன், போறேன். வண்டி இல்லாதவனுக்குப் பொண்ணைக் குடுக்க மாட்டீங்களோன்னு…"

காது மடல் வரை எரிந்தது. அவளைத் திரும்பிப் பார்க்கவும் துணிவில்லை.

"அப்பா…" என்றாள் அவள்.

"நீ இரும்மா."

அவர் எழுந்து வெளியே போனார். கேட்டைத் திறந்துவிடத்தான் போகிறார் என்று அவன் சாவியை எடுத்துக்கொண்டு பின்னால் நடந்தான்.

கேட்டுப் பக்கம் அவர் போகவில்லை. வண்டியின் பின் கதவைத் திறந்தார். நாய் வாலை ஆட்டியதே தவிர, இறங்க மறுத்தது. அதன் தலையைத் தடவிக்கொடுத்தார். அப்போதுதான் அவன் கவனித்தான். அவர் தலையும் அவனைப் போலவே குனிந்திருந்தது.

"நானும் ஒரு பொய் சொன்னேன், தம்பி. ஒர்க்‌ஷாப்ல என் வண்டி எதுவும் நிக்கல. ரெண்டு மாசமா தெருப் பூரா இதையேதான் சொல்லிட்டுத் திரியுறேன்."

அவனுக்குப் புரியவில்லை. "அப்ப உங்க வண்டி எங்க சார்?"

அவர் வண்டியின் கூரை மேல் கையை வைத்தார்.

"வாடகைக்கு விட்டிருந்தேன். இன்னிக்கு நீங்கதான் ஓட்டிட்டு வந்திருக்கீங்க, மாப்ளே."