ஒரு வரிக் கட்டளை

கணினியின் கறுப்புத் திரையில் கட்டளைகளைத் தட்டியே மின்னஞ்சல்களைப் படிக்கவும் அனுப்பவும் முகுந்தன் ஸ்கிரிப்ட் என்ற ஒரு சின்ன நிரல் எழுதி வைத்திருந்தான். அலுவலகமே சிரித்தது. பக்கத்து இருக்கை எஸ்தர் மட்டும், "எனக்கும் போட்டுக் குடுடா" என்று கேட்டு வாங்கிக்கொண்டாள்.

அன்று காலை மேலாளர் அவனைத் தனியே அழைத்து, வேலையை விட்டு நீக்கப்படுகிறவர்களுக்கு அந்த ஸ்கிரிப்ட் வழியாகவே கடிதம் அனுப்பச் சொன்னார். அவர் கொடுத்த பெயர்களில் எஸ்தரும் இருந்தாள். "சாப்பாடு முடியட்டும். அதுவரைக்கும் மூச்சு விடாதீங்க" என்றார்.

மதியம் அவள் தன் டப்பாவிலிருந்து எடுத்து வைத்த மீன் வறுவலை அவன் மறுக்காமல் தின்றான். இருக்கைக்குத் திரும்பியதும் ஒரே ஒரு வரியைத் தட்டினான். எல்லாருக்கும் போய்விட்டது.

எஸ்தர் தன் திரையில் வந்த கடிதத்தைப் படித்துவிட்டு அவன் பக்கம் திரும்பினாள்.

"இது நீ அனுப்பினதா?"

"ஸ்கிரிப்ட் அனுப்பிச்சுது."

"அன்புள்ள எஸ்தர்னு இருக்கே. அதுவும் ஸ்கிரிப்ட்தானா?"

"இல்ல. அத நான்தான் எழுதினேன்."

அவள் கண்கள் கலங்கின. அவன் தோளில் மெல்லக் கை வைத்தாள். அப்போது பின்வரிசையில் வரதராஜன் எழுந்து நின்று, நம்ப முடியாதவராகத் தனக்கு வந்ததை உரக்க வாசித்தார்: "அன்புள்ள வரதராஜன்..."

அவள் கை இன்னும் அவன் தோளில்தான் இருந்தது.