இரண்டாவது மிஸ்டு கால்

ஒன்பதாவது படிக்கும் ஜெனிஃபாவை நம்பி அந்த வாரம்தான் வீட்டுச் சாவியைக் கொடுத்திருந்தாள் பிரிசில்லா. இருப்பதே இரண்டு சாவி. இன்னொன்று அவளுடைய கைப்பையில். ஜெனிஃபா வீட்டுக்குள் வந்ததும் வீட்டு போனிலிருந்து அம்மாவின் செல்லுக்கு ஒரு மிஸ்டு கால் கொடுக்க வேண்டும். உள்தாழ்ப்பாள் போட்டபின் இன்னொன்று. நாலு நாளும் தவறவில்லை.

வெள்ளிக்கிழமை நாலரைக்கு, ஆம்பூர் ஷூ கம்பெனி ஆபீசில் செல் ஒருமுறை அடித்து நின்றது. வீட்டு நம்பர். பிரிசில்லா நிம்மதியாக நிமிர்ந்தாள். எதிரே யூனிஃபார்மில் ஜெனிஃபா நின்றாள்.

"சாவிய காலைல டிவி மேலயே வெச்சிட்டேன் மம்மி. ஸ்கூல்லேருந்து நேரா இங்க வந்துட்டேன். இனிமே சாவி குடுக்க மாட்டியா?"

பிரிசில்லா பதில் சொல்வதற்குள் செல் இன்னொருமுறை அடித்து நின்றது.